குறுந்தவணை வேலைத் திட்டம்

ஒரு வினையைத் தொடங்குமுன் அவ்வினையின் அளவையும், தம் வலியின் அளவையும், தமக்குள்ள காலத்தின் அளவையும் ஒருங்கே சீர்தூக்கித் துணிதல் அறிவுடையோர் கடனென்பதை எவரும் மறுக்கார். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் 47, 48, 49 என அடுத்தடுத்து நிற்றல் இக்கருத்தோடு நன்கு இயைவதாம். ஆயினும், வினையைச் சிறிதென்றும், வலியைப் பெரிதென்றும், காலத்தை நீண்டதென்றும் மதித்து ஏமாறுதல் மக்கட்கு இயல்பாய் அமைந்து கிடக்கின்றது. தேர்வு மாதம் பிறந்தவுடன் விடுதி அறைகளின் சுவர்களில் ஒட்டப்பெறும் படிப்பு அட்டவணைகளே இதற்குச் சான்று. அவற்றை வரைந்த மாணாக்கருள் எத்துணைப் பேர் அவற்றின்படியே படித்து முடித்தனரென்று யாம் வினவப் புகின், பலர்க்கு நாணம் உண்டாகும். ஆதலின் வினவாது விடுகின்றோம்.

இவ்வியற்கைக் குறையை ஒருவாறு அடக்கியாளுதற்பொருட்டு, கணிப்பொறிக்குரிய மென்பொருள் செய்வோர் கைக்கொண்டுள்ள முறையொன்றைப்பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியவர் கற்றறிந்த பேராசிரியர் எவருமல்லர். எம்மூராகிய வேடசந்தூரில் பேருந்துக்குக் காத்திருந்த உழவர் ஒருவரே. அவர் எம்மை நோக்கி, “ஐயா, என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஊருக்கு வா என்றால், ‘இந்த ஸ்பிரிண்ட் முடியட்டும் அப்பா’ என்கிறான். அது முடிந்தால் இன்னொன்று வருகிறதாம். அது என்ன ஐயா, அறுப்பா, நடவா?” என்றார். பேருந்து வந்துவிட்டமையால் அவருக்கு அன்று நிறைவான விடை தர எம்மாற் கூடவில்லை. நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் வெளியேறுவாருள் பலர் இத்தொழிலையே நாடிச் செல்லுதலின், அவ்விடை அவருக்கேயன்றி இம்மலரைப் படிக்கும் மாணாக்கர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவ்வுழவர் கேட்ட கேள்வி நகைப்பிற்கிடமானதன்று. திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூரைச் சூழ்ந்துள்ள நிலம் பெரும்பாலும் மானாவாரிப் பூமி. குடகனாறு ஊரையடுத்துச் செல்லினும், ஆண்டிற் பெரும்பகுதி மணலையே காட்டும். வடகிழக்குப் பருவமழையையும் கிணற்றையும் நம்பியே உழவர் வாழ்கின்றனர். கார்த்திகை மழை ஓய்ந்தபின், அறிவுள்ள உழவன் கிணற்றின் விளிம்பில் நின்று நீர் எந்தப் படி வரையில் ஏறியுள்ளதென்று பார்க்கின்றான். சென்ற ஆண்டு அதே அளவு நீர் எத்துணை நிலத்துக்குப் பாய்ந்ததென்று நினைவு கூர்கின்றான். பங்குக் கிணறாயின் தன் முறை எத்தனை நாட்கு ஒருமுறை வருமென்று எண்ணுகின்றான். அதன் பின்னரே, இத்தனை சென்டில் வெங்காயம், இத்தனை சென்டில் மிளகாய், எஞ்சியது மானாவாரிச் சோளம் என்று முடிவு செய்கின்றான். இரண்டு ஏக்கருக்குப் போதிய நீரைக்கொண்டு மூன்று ஏக்கர் பயிரிடுவோன் மூன்றில் இரண்டு பங்கு விளைவை அடைவதில்லை. மூன்று ஏக்கரும் கதிர் பிடிக்கும் பருவத்தே வாடிப்போக, விதைக்கும் கூலிக்கும் இட்ட பொருளையும் இழக்கின்றான். அரைகுறையாய் நீர் பாய்ந்த பயிர் அரை விளைவு தருவதன்று, வெறுஞ் சருகே தருவது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டார்க்கு இனிக் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

மென்பொருள் என்பது கணிப்பொறி செய்யவேண்டுவனவற்றை அதற்கு விளங்கும் மொழியில் எழுதிவைத்த கட்டளைத் தொகுதி. முற்காலத்தில் இதனைச் செய்வோர் வீடு கட்டுவார்போல, தேவையனைத்தையும் முதலிலேயே கேட்டெழுதி, முழுப் படமும் வரைந்து, பின்னர்க் கட்டி, ஈற்றிற் சோதிக்கும் முறையைப் பெரிதும் பின்பற்றினர். வீட்டின் சுவரை எவரும் கண்ணாற் கண்டு தம் கருத்தைச் சொல்லலாம். மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகாதது. கையில் வந்து சேர்ந்த பின்னரே, அதனைக் கேட்டவர், தாம் கேட்டது வேறு, தமக்கு வேண்டியது வேறு என்று உணர்கின்றார். இரண்டாண்டு உழைத்தபின் இதனை உணர்தல் பெருங்கேடன்றோ? ஆதலின், சிறு சிறு பகுதியாகச் செய்து, அவ்வப்போது காட்டி, கேட்டுத் திருத்திக்கொண்டு செல்லும் முறைகள் பல தோன்றின. இவற்றின் பொதுப்பெயரே அஜைல் என்பது. அச்சொல்லுக்குச் சுறுசுறுப்பாய்த் திரும்பவல்லது என்று பொருள் கொள்ளலாம்.

இம்முறைகளுட் பெரிதும் வழங்குவது ஸ்க்ரம் எனப்படும். ரக்பி என்னும் பந்தாட்டத்தில் ஆட்டக்காரர் தோளோடு தோள் சேர்ந்து நெருங்கி நிற்கும் நிலைக்கு அப்பெயர் உண்டு. 1986-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞராகிய ஹிரோடாகா டக்கேயூச்சி, இக்குஜிரோ நொனாகா என்னும் இருவர், புதுப்பொருள் ஆக்கும் குழுக்கள் தொடரோட்டக்காரர்போல ஒருவர் ஓடி முடித்து மற்றொருவரிடம் கோலைக் கொடுத்து நில்லாமல், ரக்பி ஆடுவார்போல ஒருங்கே முன்னேறுதல் நன்றென்று எழுதினர். 1993-இல் ஜெஃப் சதர்லண்டு என்பார் அமெரிக்க நிறுவனமொன்றில் இக்கருத்தை மென்பொருட் பணியிற் புகுத்தினர். 1995-இல் அவரும் கென் ஷ்வேபர் என்பாரும் அம்முறையை அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உடா மாகாணத்துப் பனிமலை விடுதியொன்றில் இத்தகைய முறைகளைக் கையாண்ட 17 பேர் கூடித் தம் பொதுக்கொள்கையை அறிக்கையாக வெளியிட்டனர். அஜைல் என்னும் பெயர் நிலைபெற்றது அக்கூட்டத்திலேயாம்.

நிற்க. உழவர் கேட்ட ஸ்பிரிண்ட் என்னும் சொல் நம் விளையாட்டு விழாவில் நாம் காணும் குறுந்தூர ஓட்டத்தைக் குறிப்பது. ஸ்க்ரம் முறையில் அஃது ஒரு குறுந்தவணை. ஒரு மாதத்துக்கு மேற்படாதது. பல குழுக்களில் இரு வாரம். ஒன்று முடிந்தவுடன் மற்றொன்று தொடங்கும். ஆகவே, நம் உழவர்தம் மகன் கூறியது மெய்யே. ஒவ்வொரு தவணையின் ஈற்றிலும், பிறர் எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஏதேனும் ஒரு பகுதி முடிந்திருத்தல் வேண்டும். பத்துப் பேர்க்கு மேற்படாத சிறு குழுவே இப்பணிக்கு ஏற்றதென்பர்.

இக்குழுவில் மூவகைப் பொறுப்புகள் உள. இன்னது முதலில் வேண்டும், இன்னது பின்னர் ஆகலாம் என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு பிராடக்ட் ஓனர் எனப்படும் ஒருவருடையது. அவரைப் பொருளுக்குரியவர் என்று வழங்குவாம். வேலையைச் செய்து முடிப்பவர் ஆக்குநர். முறை வழுவாது நடைபெறுமாறு காத்து, தடைகளை நீக்க உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர். செய்யவேண்டுவன யாவும் எழுதப்பெற்ற நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதனை வேலைப் பேரேடு என்போம். அப்பேரேட்டின் வரிசையை மாற்றும் உரிமை பொருளுக்குரியவர்க்கே உண்டு. அதனினின்று ஒரு தவணைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வதென்று அளவிடும் உரிமையோ ஆக்குநர்க்கு உரியது. இவ்விரண்டு உரிமைகளும் ஒருவர் கையில் சேராதிருத்தலே இம்முறையின் உயிர்நிலை. எந்தப் பயிர் சந்தையில் விலைபோகும் என்பதை ஒருவர் கூறலாம். கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளதென்பதை இறைப்பவனே கூறவேண்டும்.

தவணையின் முதல் நாளில் அனைவரும் கூடித் திட்டமிடுகின்றனர். ஒரு மாதத் தவணையாயின் எட்டு மணி நேரத்துக்கு மேல் இக்கூட்டம் நீளலாகாதென்பது விதி. தவணை குறுகினால் கூட்டமும் குறுகும். கூட்டத்தில் ஆராயப்படுவன மூன்று கேள்விகள்: இத்தவணை எதன்பொருட்டு? இத்தவணையில் எவற்றைச் செய்யக்கூடும்? தேர்ந்தெடுத்தவற்றை எவ்வாறு செய்வது? இவற்றை ஓர் உதாரணங் கொண்டு விளக்குதல் நன்றாகும்.

கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு மென்பொருள் செய்யும் அறுவர் கொண்ட குழுவொன்றைக் கற்பித்துக்கொள்வோம். காலையும் மாலையும் உறுப்பினர் ஊற்றும் பாலின் அளவையும் கொழுப்பையும் குறித்து, விலை கணக்கிட்டு, பத்து நாட்கு ஒருமுறை பணப் பட்டுவாடா செய்வது அச்சங்கத்தின் வழக்கமெனக் கொள்க. பேரேட்டின் தலைப்பில் உள்ளவை இவை: பாலின் அளவைப் பதிதல், விலை கணக்கிடுதல், பட்டுவாடாச் சீட்டு அச்சிடுதல், தீவனக் கடனைக் கழித்தல், பால் ஊற்றியவுடன் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புதல், மாத அறிக்கை, உறுப்பினர் படம் காட்டுதல்.

முதற் கேள்வி, எதன்பொருட்டு என்பது. பொருளுக்குரியவர், “அடுத்த பட்டுவாடா நாளன்று, ஏடு புரட்டாமலே ஒவ்வோர் உறுப்பினரும் பிழையற்ற சீட்டைக் கையிற் பெறவேண்டும்” என்கின்றார். இதுவே இத்தவணையின் குறிக்கோள். குறிக்கோள் ஒன்றில்லாத தவணை, பல வேலைகளை ஒரு கூடையில் வாரிப் போட்டதை ஒக்கும். குறிக்கோளுடையதோ, நடுவழியில் இடர் நேரின் எதனை விட்டு எதனைக் காப்பதென்று தானே உணர்த்தும்.

இரண்டாவது கேள்விக்கு விடை காண, ஒவ்வொரு வேலையின் பருமையையும் மதிப்பிடல் வேண்டும். இதனை மணிக்கணக்கில் கூறாமல், ஒன்றையொன்று ஒப்பிட்டுப் புள்ளிகளாற் கூறுதல் பல குழுக்களின் வழக்கம். இது சிறிது, அது இதனினும் இருமடங்கு பெரிது என்று ஒப்பிடுதல், இஃது இத்தனை மணியில் முடியுமென்று அறுதியிடுவதினும் மக்கட்கு எளிது. மதிப்பிடுதற்கு இனியதொரு விளையாட்டும் உண்டு. 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் என்பார் வகுத்தது. பின்னர் மைக் கோன் என்பாரால் பரவியது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என்றவாறு எண்கள் எழுதிய சீட்டுகள் இருக்கும். வேலையைக் கேட்டபின் ஒவ்வொருவரும் ஒரு சீட்டைத் தெரிந்தெடுத்துக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நொடியில் திருப்பிக் காட்டுவர். மூத்தவர் கூறிய எண்ணை இளையவர் வழிமொழிதல் இதனால் ஒழிகின்றது.

தீவனக் கடனைக் கழித்தல் என்னும் வேலைக்கு ஐவர் 3 என்று காட்ட, அவ்வாண்டே வேலைக்கு வந்த பெண்ணொருத்தி 13 என்று காட்டினாளெனக் கொள்வோம். நகைத்து விடாமல் காரணங் கேட்டல் முறை. அவள், “எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. கடனை ஒரே முறையிற் பிடிப்பதில்லை, தவணையாகப் பிடிப்பர். பால் குறைந்த பருவத்தில் செயலாளர் பிடித்தத்தை நிறுத்தியும் வைப்பார். ஒருவர்க்கே இரண்டு கடன் நிலுவை இருத்தலும் உண்டு” என்கின்றாள். ஏனையோர் இதனை அறியாதவர். மீண்டும் சீட்டு வைக்க, அனைவரும் 8 என்று ஒருப்படுகின்றனர். இங்கே பெற்ற பயன் 8 என்னும் எண்ணன்று. அறுவருள் ஒருத்தி அறிந்திருந்ததை அறுவரும் அறிந்ததே பயன்.

இனி, கிணற்று நீரை அளத்தல். இக்குழு முன் மூன்று தவணைகளில் முறையே 21, 17, 19 புள்ளி வேலைகளை முற்ற முடித்ததெனின், சராசரி 19 ஆகும். இதனை அக்குழுவின் வேகம் என்பர். நேற்றைய வானிலை போன்றே இன்றும் இருக்குமென்று கொள்வது பெரும்பாலும் பிழைபடாததுபோல, சென்ற தவணையில் முடிந்த அளவே இத்தவணையிலும் முடியுமென்று கொள்ளுதல் தக்கது. அத்தவணைகளில் அறுவரும் பத்து நாளும் முழுமையாய் உழைத்தனர். ஆக 60 ஆள்நாள். இத்தவணையிலோ ஒரு நாள் பொது விடுமுறை. அதனால் 6 குறையும். ஒருவர் தம் தங்கையின் திருமணத்துக்கு வேறு நான்கு நாள் செல்கின்றார். அதனால் 4 குறையும். எஞ்சுவது 50. 19 புள்ளியை இவ்விகிதத்தாற் குறைப்பின் ஏறக்குறைய 16 ஆகும். இதுவே இத்தவணையின் நீர்மட்டம்.

பாலளவைப் பதிதல் 5, விலை கணக்கிடுதல் 5, சீட்டு 3, கைப்பேசிச் செய்தி 3 என மதிப்பிட்டுள்ளனர். இந்நான்கையும் கூட்டின் 16 ஆகும். ஆதலின் இவற்றையே எடுத்துக்கொள்ளலாமென்று தோன்றும். கைப்பேசிச் செய்தி காண்போரைக் கவர்வதுமாம். ஆனால், தீவனக் கடன் கழியாத சீட்டு பிழையான சீட்டன்றோ? குறிக்கோள் பிழையற்ற சீட்டு. கடன் கழித்தலையோ 8 புள்ளியாக அப்படியே எடுக்க இடமில்லை. ஆகவே அதனை இரண்டாகப் பிளக்கின்றனர்: இம்முறை பிடிக்கவேண்டிய தொகையைச் செயலாளரே கையாற் பதியுமாறு செய்தல் 3 புள்ளி, தீவனக் கிடங்கின் கணக்கினின்று தானே கழியுமாறு செய்தல் 5 புள்ளி. முன்னதனை எடுத்துக்கொண்டு, பின்னதனையும் கைப்பேசிச் செய்தியையும் பேரேட்டிலேயே நிறுத்துகின்றனர். 5, 5, 3, 3 ஆக 16. கவர்ச்சியுடையது நின்றது, இன்றியமையாதது சென்றது. பெரிய வேலையை, ஒவ்வொரு துண்டும் தானே பயன்தருமாறு பிளக்கும் இத்திறமே திட்டமிடுதலில் அருமையான கலை. சேவலைத் தலைவேறு கால்வேறாகப் பிளத்தல் இதுவன்று. கதிரைத் தாளோடு மணியோடு அரிவரியாக அறுத்தலே இது.

மூன்றாவது கேள்வி, எவ்வாறு என்பது. எடுத்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நாளிற்குள் முடியத்தக்க சிறு கூறுகளாகப் பிரித்து எழுதுகின்றனர். இவ்வாறு பிரிக்கும்போது மறைந்து கிடந்த வேலைகள் வெளிப்படுதலும் உண்டு; அப்போது அளவை மீண்டும் திருத்திக்கொள்வர். அன்றியும், முடிந்தது என்பதன் இலக்கணத்தை முன்னரே வரையறுத்துள்ளனர்: எழுதியாயிற்று என்பது முடிவன்று, மற்றொருவர் பார்த்து, சோதித்து, சங்கத்தின் கணிப்பொறியில் இயங்கினாலன்றி முடிந்ததாகக் கொள்ளப்படாது. முக்கால் பங்கு முடிந்த வேலைக்கு முக்காற் புள்ளி கிடையாது, சுழியே கிடைக்கும். வாடிய பயிர்க்கு விலையில்லாமை இங்கும் ஒக்கும்.

தவணை தொடங்கியபின் நாள்தோறும் பதினைந்து நிமிடம் கூடி, குறிக்கோளை நோக்கிச் செல்கின்றோமா என்று ஆராய்கின்றனர். புதிய வேண்டுகோள் வரின், அதனைப் பேரேட்டில் எழுதி அடுத்த தவணைக்கு வைக்கின்றனர். குறிக்கோளுக்கு ஊறு செய்யும் மாற்றம் இடையிற் புகுவதில்லை. குறிக்கோளே பயனற்றதாய்விடின் தவணையை நிறுத்தும் உரிமை பொருளுக்குரியவர்க்கு மட்டும் உண்டு. ஈற்றில், முடிந்ததை உரியார்க்குக் காட்டிக் கருத்துக் கேட்டல் ஒன்று, தாம் வேலைசெய்த வகையைத் தாமே ஆராய்தல் ஒன்று ஆக இரு கூட்டங்கள் நிகழும். எடுத்ததை முன்கூட்டியே முடித்தவர் பேரேட்டில் அடுத்துள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆதலின், இம்முறை சோம்பலுக்கு இடந்தருமென்று கூறுதல் பொருந்தாது.

இத்துணை எண்ணிப் பார்க்கவேண்டுவது ஏன், அறிவுடையோர் தாமே மதிப்பிட்டுக் கூறலாகாதோ என்று சிலர் வினவக்கூடும். 1994-இல் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்னும் உளநூலார் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்கு விடை தருகின்றது. கனடா நாட்டில் பட்டக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணாக்கரை நோக்கி, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று அவர்கள் வினவினர். சராசரியாக 33.9 நாள் என்று விடை வந்தது. எல்லாம் தீமையாகவே நடப்பின் எத்தனை நாள் என்றதற்கு 48.6 என்றனர். உண்மையிற் சென்ற நாட்களோ 55.5. அதாவது, அவர்கள் எண்ணிப் பார்த்த பெருங்கேட்டினும் உண்மை பிற்பட்டு வந்தது. இவர்கள் கல்வியிற் குறைந்தவரல்லர். மனிதன் வருங்காலத்தைக் கற்பிக்கும்போது தன் கடந்தகாலத்தை மறந்துவிடுகின்றான், அவ்வளவே. வேகம் என்னும் அளவை, அம்மறதிக்கு இட்ட மருந்தாகும்.

இம்முறையாற் பெரும்பணிகளும் கரையேறியுள்ளன. அமெரிக்க நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறையாகிய எஃப்.பி.ஐ., தன் வழக்குக் கட்டுகளைக் காகிதத்தினின்று கணிப்பொறிக்கு மாற்ற முயன்று, ஏறக்குறைய 17 கோடி டாலர் செலவிட்டபின், 2005-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. சென்டினல் என்னும் பெயரால் 2006-இல் மீண்டும் தொடங்கிய பணியும் தாமதித்துச் செலவிற் பெருகிற்று. 2010-இல் அத்துறை அப்பணியைத் தன் நேரான பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சிறு குழுவைக்கொண்டு இரு வாரத் தவணைகளில் நடத்தத் தலைப்பட்டது. 2012 ஜூலை முதல் நாளன்று அம்மென்பொருள் துறை முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது. முதலிற் குறித்த நாள் 2011 செப்டம்பர். அதற்கும் பிந்தியே முடிந்தது என்பதை மறைக்கலாகாது. ஆயினும், ஒவ்வொரு தவணை ஈற்றிலும் முடிந்ததை எண்ணிவந்தமையால், பின்னடைவு மறைந்து கிடவாமல் கண்முன் நின்றது. நோயை மறைப்பதினும் அறிவிப்பது நன்றன்றோ?

எந்த நன்முறையும் தீயோர் கையில் தீங்காகும். அறியார் கையிலும் அவ்வாறே. வேகத்தைக் குழுவின் கைக்கருவியாகக் கொள்ளாமல், அதிகாரிகள் அதனைக் குழுக்களை ஒப்பிடும் மதிப்பெண்ணாகக் கொள்வராயின், புள்ளிகள் வீங்கத் தொடங்கும். மரக்காலைச் சிறிதாக்கினால் மரக்காற் கணக்கு மிகும். குதிரில் நெல் மிகாது. அன்றியும், திட்டத்தைச் சத்தியமாகக் கருதி, முடியாதவரைத் தண்டிப்பாரும் உளர். தவணைக்கு எடுத்தவற்றை உறுதிமொழி என்று முன்னர்க் குறித்துவந்த ஸ்க்ரம் வழிகாட்டி நூல், 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சொல்லை நீக்கி, முன்மதிப்பு என்னும் பொருளுடைய சொல்லை வைத்தமை இதுபற்றி நோக்கத்தக்கது.

யாமும் ஆசிரியப் பணிக்கு வருமுன் சில ஆண்டு இத்தொழிலில் இருந்தோம். நகரத்து நிறுவனமொன்றில் எம் குழுவின் திட்டக் கூட்டம் நிகழ்ந்தது. மேலாளர் முடிவுநாளை முன்னரே வாடிக்கையாளர்க்குக் கூறிவிட்டமையின், பட்டியலைப் படித்து, “முடியும் அல்லவா?” என்று ஒவ்வொருவரையும் பார்த்தனர். முன் தவணைகளில் முடித்ததைப்போல் இருமடங்கு இருந்தது அப்பட்டியல். யாம் எழுவரும் தலையசைத்தோம். கிராமத்தினின்று வந்து, குடும்பத்தில் முதற் பட்டம் பெற்ற எமக்கு, பெரியவர் முன் முடியாதென்று கூறுதல் மரியாதைக் குறைவாகத் தோன்றிற்று. பத்து நாளும் இரவு நெடுநேரம் விழித்தோம். எம்மினும் இளையவன் ஒருவன் ஒன்பதாம் நாள் காய்ச்சலிற் படுத்தான். ஈற்றுநாளில் கணக்குப் பார்க்க, எடுத்தவை யாவும் முக்கால் பங்கு முடிந்திருந்தன. பயன்படுத்தத்தக்கதாய் முடிந்தது ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்க்குக் காட்ட எம்மிடம் எதுவும் இருந்திலது. மேலாளர் ஒருவர்மேல் மட்டும் பழியை ஏற்றுதல் நேர்மையன்று. நீர்மட்டம் அறிந்த எழுவரும் வாய்மூடி இருந்தோம். அம்மௌனமே எம் பிழை. மரியாதையென்று எண்ணி யாம் செய்த தலையசைப்பு, மெய்யாக ஒரு பொய்யுரையாய் முடிந்தது.

அடுத்த தவணைக் கூட்டத்தில் எம்முள் மூத்த பெண்மணி ஒருவர், முன் முடித்தவற்றின் எண்களைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்து, “ஐயா, இதுவரை நாங்கள் முடித்தது இவ்வளவு. இவற்றுள் எவை முதலில் வேண்டுமென்று தாங்களே வரிசையிட்டுத் தாருங்கள்” என்று பணிவோடு கூறினார். முடியாது என்னும் சொல் அவர் வாயினின்று வரவில்லை. மேலாளர் சிறிது நேரம் தாளை நோக்கியிருந்து, பின்னர் எழுதுகோலை எடுத்து வரிசையிட்டனர். அத்தவணையில் ஐந்தே வேலைகள் எடுத்தோம், ஐந்தும் முடிந்தன. அன்று யாம் கற்ற பாடம் கணிப்பொறிக் கல்வியைச் சார்ந்ததன்று.

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் நாளை இத்தகைய கூட்டங்களில் அமரப்போகின்றீர்கள். மென்பொருள் கற்கும் மொழிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். உங்கள் சொல்லின் மதிப்போ நீங்கள் காக்கும் அளவே நிற்கும். ஆற்றலுக்கு மேற்பட்டதை ஏற்றுக்கொள்ளுதல் ஊக்கமன்று. ஆற்றலுக்குக் குறைந்ததை ஏற்றுக்கொள்ளுதல் அடக்கமுமன்று. செய்து முடித்தவற்றை ஒளியாது எண்ணி, அவ்வெண்ணைக்கொண்டு அடுத்ததைத் துணிதலே நேர்மை. இதனை இன்றே பழகலாம். வருகின்ற இரு வாரத்துக்குப் படிப்பு அட்டவணை ஒன்று வரையுங்கள். சென்ற இரு வாரத்தில் எத்தனை பாடம் உண்மையில் முடித்தீர்களோ அத்தனையே எழுதுங்கள். முடிந்தால் மேலும் ஒன்று எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

பேருந்து நிலையத்திற் கண்ட பெரியவர்க்கு யாம் தரும் விடை இதுவே: ஐயா, உங்கள் மகன் கூறிய ஸ்பிரிண்ட், அறுப்புமன்று, நடவுமன்று, கிணற்றைப் பார்த்து எத்துணை நிலம் பயிரிடலாமென்று நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் துணிவை, அவர் இரு வாரத்துக்கு ஒருமுறை செய்கின்றார். அது முடிந்தால் இன்னொன்று வருவது மெய். ஆயினும் விடுப்பெடுத்தற்கும் அதிற் கணக்கு உண்டு. திட்டமிடும் நாளிலேயே தாம் இல்லாத நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அடுத்த தவணை தொடங்குமுன் ஊர்த்திருவிழா நாளை அவர்க்கு அறிவித்துவிடுங்கள்.